நாலு சீட்டும் இரண்டு நாற்காலியும்

அந்த வாரம் நம் ஆள் ஒரு பெரிய முடிவு எடுத்தான். இனிமேல் யாருக்கும் பயப்படுவதில்லை. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. மனைவியின் அண்ணனாகவே இருந்தாலும் சரி, சொல்லிவிடுவது. இந்த முடிவைக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் எடுத்தான்.

"என்னங்க, உள்ள யார்கூடப் பேசறீங்க?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்டாள்.

"யார்கூடவும் இல்லம்மா. இருமல்."

முடிவின் ஆயுள் அவ்வளவுதான்.

நம் ஆளுக்கு வேலை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். அவன் அப்பா லாரி ஷெட்டில் டயர் மாற்றுகிறவர். இரண்டு பக்கச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவன்தான். அதனால் ஒரு வார்த்தை பிசகினாலும் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்து பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பயம். பாட்டில் தண்ணீரில் புழு நெளிந்தால்கூட அறிக்கையில் 'மோசம்' என்று எழுத மாட்டான். 'மறுபரிசோதனை செய்வது நலம்' என்று எழுதுவான். வீட்டிலும் அதே கதைதான். டீ எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டால், இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பான். அதற்குள் டீ தீர்ந்துவிடும்.

இப்போது அவனுக்கு முன்னால் இருந்தது தண்ணீர் இல்லை. மச்சான்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். தனிக்கட்டை. இரண்டு தெரு தள்ளி, கீழும் மாடியுமாகச் சொந்த வீடு. மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க மாப்ள. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நம் ஆள் தலையை ஆட்டினான். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், சரியில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆட்டுவதில் அவன் கைதேர்ந்தவன்.

மச்சான் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. தங்கமான மனுஷர். ஆனால் ஓடுகிற எதையும் அவரால் சும்மா ஓட விட முடியாது. போன முறை வீட்டுக்கு வந்தபோது, ஃபேன் ஒரு மாதிரி மூச்சு விடுகிறது என்று கழற்றினார். அது முடிந்ததும் குளியலறைத் தாழ்ப்பாள் லூஸாக இருக்கிறது என்று சரி செய்தார். நம் ஆள் அப்போது உள்ளே இருந்தான். "நீ பாட்டுக்கு இரு மாப்ள, ரெண்டு நிமிஷ வேலைதான்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் நம் ஆளுக்கு ஐந்து வயசு கூடிவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும்போதே இப்படி. அவர் தலைக்கு மேலேயே குடிபோனால்?

மனைவியிடம் சொல்லிவிடலாம். ஆனால் மனைவியிடம் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. அவள் பார்சல் பிரிக்கும் மையத்தில் மேற்பார்வையாளர். எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று அவள் விரலை நீட்டினால், பெட்டி போய் ஏறிவிடும். ஏன், எதற்கு என்று எந்தப் பெட்டியும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அந்த விரல் அதே விரல்தான்.

சுற்றி வளைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்தான். மாடி காற்றோட்டமாக இருக்குமா என்று ஆரம்பித்தான். அவள் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு, அண்ணன் மூன்று வேளையும் பிரெட்டைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுப்பதைப் பற்றிச் சொன்னாள். போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்ததையே யாரிடமும் சொல்லவில்லையாம்.

"அவர தனியா விட எனக்கு மனசு இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

"யோசிக்கலாம்."

"அஞ்சு நாளா யோசிக்கறீங்க."

"நல்லா யோசிக்கலாம்னு."

அவள் மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த தட்டையே துடைத்தாள்.

இந்த இடத்தில் நம் ஆளின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் பின்னறையில் ஒரு வட்ட மேஜை, நாலு நாற்காலி. அதுதான் அவன் ராஜ்யம். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்று கதைக்குள்ளே நடப்பார்கள். நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கல்லூரி விடுதியில் பிடித்த பித்து இது. வாரம் முழுக்க எல்லோருக்கும் தலையாட்டுகிறவன், அந்த அறையில் மட்டும் மலை சரியட்டும் என்பான், சரியும்.

ஆட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்று பேர். மனைவி, திருடி வேஷம். மச்சான், பறக்கும் மந்திரவாதி. வேலை நாளெல்லாம் லிஃப்ட் கிணற்றில் ஏணி ஏறி இறங்குகிறவருக்கு வேறென்ன ஆசை வரும்? மூன்றாவது ஆள் எதிர்வீட்டு அக்கா. மருந்துக்கடை வைத்திருக்கிறார். வைத்தியச்சி வேஷம் கொடுத்தபோது, இங்கேயும் வந்து மருந்தா என்று கோபித்துக்கொண்டு வாள் வாங்கிக்கொண்டார். மூன்று பேர் போதாது என்று கதைசொல்லியான நம் ஆளே ஒரு படகோட்டி வேஷமும் போட்டுக்கொண்டான்.

மூன்று வாரமாக ஆட்டம் உருப்படவில்லை. கூடிப் போக வேண்டியவர்கள் கூடவே மாட்டேன் என்றார்கள். ஊருக்குள் நுழைந்ததும் திருடி சந்தைக்குப் போய்விடுவாள். மந்திரவாதி உயரமான கட்டிடமாகப் பார்த்துப் பறந்துபோய் உச்சியில் உட்கார்ந்துவிடுவார். வாள் அக்கா யாரை எதற்காக வெட்ட வேண்டும், எழுத்தில் கொடு என்பார். விதிப் புத்தகம் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தது: வேஷங்களுக்கு இடையே முதலில் ஒரு பிணைப்பை உண்டாக்கு. பழைய நன்றி, பழைய பகை, ஒரு சத்தியம். அப்புறம் பார், ஒருவரை விட்டு ஒருவர் நகர மாட்டார்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் நம் ஆளுக்குப் பொறி தட்டியது. பிணைப்பு என்றால் ஒட்ட வைப்பது மட்டும்தானா? வெட்டி வைக்கக் கூடாதா?

வியாழக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, சோதனைக் குழாயில் தண்ணீர் காய்கிற நேரத்தில், நாலு சீட்டு எழுதினான். திருடிக்கு இப்படி: 'என் வலப்பக்கம் இருப்பவர் ஒருமுறை என்னைப் பனிமலையில் தனியே விட்டுப் பறந்துவிட்டார். இனி இவரோடு ஒரே கூரையின் கீழ் தங்குவதில்லை என்பது என் சபதம்.' மந்திரவாதிக்கு இப்படி: 'என் வலப்பக்கம் இருப்பவர் என் உயிரைக் காத்தவர். இவர் அழைத்தால் எங்கும் போய்த் தங்குவேன். இவர் அழைக்காமல் யார் வீட்டிலும் ஓரடி வைக்க மாட்டேன்.'

மேஜையில் மனைவிக்கு வலப்பக்கம் மச்சான். மச்சானுக்கு வலப்பக்கம் அக்கா. அக்காவுக்கு வலப்பக்கம் கதைசொல்லி. மூன்று வாரமாக மாறாத இடங்கள். பெயர் போட்டு எழுதினால் உள்நோக்கம் வெளியே தெரிந்துவிடும். வலப்பக்கம் என்று எழுதினால் தற்செயல். தங்கை அண்ணனோடு ஒரே கூரையின் கீழ் தங்க மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அண்ணன் அக்காவின் பின்னாலேயே நடப்பார். நாக்கு பழகியதில் மனசும் கொஞ்சம் பழகும். சாயங்காலம் மாடிப் பேச்சு வரும்போது, எல்லோருக்கும் ஒரு சுணக்கம் வந்திருக்கும். இவன் வாயே திறக்க வேண்டாம். அறிவியல் படித்தவன் போட்ட திட்டம்.

மற்ற இரண்டு சீட்டும் ஒப்புக்கு. வாள் அக்காவுக்கு, 'என் வலப்பக்கம் இருப்பவரும் நானும் ஒரே தெருவில் பிறந்தோம்.' படகோட்டிக்கு, 'என் வலப்பக்கம் இருப்பவள் ஒன்று கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.' அது மனைவியைக் குளிர வைக்க. எழுதி முடித்தவன் சீட்டுகளை வீட்டிலேயே யாரும் தொடாத இடம் ஒன்றில் பத்திரப்படுத்தினான். சனிக்கிழமை அவன் தூங்கின மாதிரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. எல்லோரும் வந்தாயிற்று. நம் ஆள் பகடையை எடுக்கப் போய்விட்டு வருவதற்குள், மனைவியின் விரல் நீண்டுவிட்டது. அண்ணனுக்கு இடுப்பு வலி, அக்கா நாற்காலியில்தான் சாய்மானம் இருக்கிறது, அக்கா நீங்க கதவுப் பக்கம் வந்துடுங்க, கடையிலேர்ந்து போன் வந்தா எழுந்து போகச் சௌகரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் இடம் மாறிவிட்டன.

நம் ஆள் பகடையோடு அறை வாசலிலேயே நின்றான். பழைய மாதிரியே உட்காரலாமே என்றான். ஏன் என்று மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவன் தலையை ஆட்டினான். கழுத்து வலி என்று எடுத்துக்கொண்டார்கள்.

சீட்டைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பிணைப்புச் சீட்டு வருகிறது, பிரமாதமாக இருக்கும் என்று வெள்ளிக்கிழமையே மூன்று பேருக்கும் சொல்லித் தொலைத்திருந்தான். கொடுத்தான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற அக்கா, முதலில் விதியைக் கேட்டார். சீட்டில் உள்ளதை மீறலாமா? மீறக் கூடாது. கதைசொல்லிக்கும் அப்படியா? அப்படித்தான் அக்கா. அக்கா அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

திருடியின் வலப்பக்கம் இப்போது அக்கா. ஒரே கூரையின் கீழ் தங்குவதில்லை என்று மனைவி வாசித்ததும், ரொம்ப நல்லது, எனக்குக் குறட்டை உண்டு என்று அக்கா சபதத்தை மனசார ஏற்றுக்கொண்டார். அக்காவும் மச்சானும் ஒரே தெருவில் பிறந்தார்கள். மந்திரவாதியின் வலப்பக்கம் நம் ஆள். மச்சான் தன் சீட்டை இரண்டு தடவை வாசித்தார். அழைத்தால் எங்கும் போய்த் தங்குவேன். அழைக்காமல் ஓரடி வைக்க மாட்டேன். "நல்லா எழுதியிருக்க மாப்ள" என்றார் மெதுவாக. இத்தனை மெதுவாக அவர் பேசி நம் ஆள் கேட்டதில்லை.

ஆட்டம் என்றைக்கும் இல்லாத விதமாகச் சூடு பிடித்தது. வேறு நாளாக இருந்தால் நம் ஆள் துள்ளிக் குதித்திருப்பான். திருடியும் வாள் அக்காவும் தனித்தனிக் கூடாரம் கேட்டுச் சண்டை போட்டார்கள். மந்திரவாதி பறக்கவே இல்லை. படகோட்டியின் பக்கத்திலேயே நடந்தார். நாலு பேரும் ஒரே படகில் ஆற்றைக் கடந்தார்கள். விதிப் புத்தகம் சொன்னது சத்தியம். பிணைப்பு வேலை செய்தது. தப்பான ஆட்களுக்கு இடையே என்பதுதான் குறை.

அக்கரையில் பனிக்காலம் தொடங்குகிறது என்று கதைசொல்லி அறிவித்தான். எங்கே தங்கப் போகிறீர்கள்?

மச்சான் தொண்டையைச் செருமினார். அக்கரையில் தனக்கு ஒரு கோபுரம் இருக்கிறது என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. கதைசொல்லிக்கே தெரியாத கோபுரம்.

"மாடி காலியாத்தான் கிடக்கு. படகோட்டி வந்து இருந்துக்கலாம். என்ன சொல்றான் படகோட்டி?"

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது இப்போதும் ஒரு மாதிரிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நம் ஆள் வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மச்சான் கேட்டது இவனை இல்லை. படகோட்டியை. படகோட்டிக்குப் பட்டம் கிடையாது, பறிபோக. படகோட்டிக்கு முதலைகளோடு பழக்கம். படகோட்டியின் குரல் கனத்த குரல்.

"மந்திரவாதி, உங்க மனசு பெருசு" என்றான் அந்தக் குரலில். "ஆனா உங்க மாடி எனக்கு வேண்டாம். நான் தாழ்ப்பாள் போட்டா அது உள்ளேர்ந்து மட்டும்தான் திறக்கணும். என் படகு ஒரு மாதிரி மூச்சு விடும். விட்டுட்டுப் போகட்டும். அது என் படகு."

சொல்லிவிட்டான். சொல்லியேவிட்டான். மச்சான் பகடையை விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சரிதான். இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு, நானா?"

"படகோட்டிதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டில் தண்ணீரை மோசம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்ட மாதிரி இருந்தது நம் ஆளுக்கு. நாற்காலியிலேயே இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான். யாரும் கோபிக்கவில்லை. வானம் இடியவில்லை. மனைவிகூட முகம் சுளிக்கவில்லை. அவள் கையை நீட்டி, அவன் முன்னால் கிடந்த படகோட்டிச் சீட்டை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். வலப்பக்கம் இருப்பவள் ஒன்று கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.

"நான் இப்பக் கேக்கறேன்" என்றாள். "கோபுரத்துல ஒருத்தர் தனியா இருக்கார். பனி வேற வருது. நீங்களா கூப்பிடாம ஓரடி வைக்க மாட்டார். கூப்பிடுங்க."

"எங்க?"

"படகுக்கு."

"படகு சின்னதும்மா."

"இப்பத்தான நாலு பேர் அதுல ஆத்தக் கடந்தோம்?"

அக்கா தாளைத் தூக்கிக் காட்டினார். கதைசொல்லிக்கும் பொருந்தும். நம் ஆள் கணக்குப் போட்டான். ஆட்டத்தில் ஒரு படகு. அதில் ஒரு மந்திரவாதி. என்ன குடிமுழுகிப் போகிறது? அதுவும் ஜெயித்தவனுக்கு எப்போதும் மனசு தாராளம். எழுந்து நின்றான். ஒரு கையை விரித்தான்.

"மந்திரவாதி, வாங்க. இந்தப் படகு உங்க வீடு. பனிக்காலம் என்ன, ஆயுசுக்கும் இருங்க."

மச்சான் பகடையைக் கீழே வைத்தார். சீட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் இவனைப் பார்த்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். இது படகோட்டி கூப்பிடறதா, நீ கூப்பிடறதா?"

மனைவி மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். நம் ஆளின் கண் மச்சானின் சட்டைக்குப் போனது. மேலிருந்து இரண்டாவது பொத்தானை நூலால் தைக்காமல் செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். கச்சிதமான வேலை. ஊசியும் நூலும் தேடிக் கொடுக்க ஆள் இல்லாதவர் செய்கிற வேலை. காய்ச்சலில் கிடந்த அந்த இரண்டு நாளிலும் இந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாரோ என்று தோன்றியது. படகோட்டி இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தான். அவன் முந்திக்கொண்டான்.

"ரெண்டு பேரும்தான் மச்சான்."

மச்சான் தலையை ஒருமுறை அசைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து வெளியே போனார். முகம் கழுவப் போகிறார் என்று நம் ஆள் நினைத்தான். வாசலில் அவருடைய சர்வீஸ் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மூடுகிற சத்தம். உள்ளே வந்தவர் கையில் ஒரு பெட்டி. இன்னொரு கையில் டூல்ஸ் பை. கக்கத்தில் சுருட்டிய படுக்கை.

நம் ஆள் அக்காவைப் பார்த்தான். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். மச்சான் வீட்டுக்கு, மாடியும் கீழுமாகச் சேர்த்து, அக்காவின் தங்கச்சி குடும்பம் குடிவருகிறதாம். பெரிய குடும்பமாம். வெள்ளிக்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். "நீங்க வாயத் திறந்து கூப்பிடணும், அது ஒண்ணுதான் பாக்கின்னு உங்க வீட்டுல சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் ஆள் சமையலறைக்கு ஓடினான். மனைவி டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நாலு கப். இல்லை, மூன்று. மூன்றாவது கப்பை இனி தினமும் மாட்டி வைக்கச் சுவரில் ஓர் ஆணி தேடிக்கொண்டிருந்தாள்.

எப்போது தெரியும் என்று கேட்டான். வாஷிங் மெஷின் வெள்ளிக்கிழமை காலை பாதியில் நின்றுவிட்டதாம். திரையில் ஏதோ எண் வந்ததாம். என்னவென்று பார்க்க மெஷினோடு வந்த புத்தகத்தை உறையிலிருந்து எடுத்தாளாம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக.

"அதுல நாலு சீட்டு இருந்துச்சு" என்றாள். "அண்ணனும் நானும் ஒரே கூரையில தங்கக் கூடாதா?"

அவன் தரையைப் பார்த்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. அவன் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

"மாடி வேண்டாம்னு எனக்கும்தான் இருந்துச்சு. நான் சொன்னா அவர் மனசு நொந்துபோவார். நீங்களோ சொல்லவே மாட்டீங்க. அங்கயும் போகாம, அவரையும் தனியா விடாம எப்படின்னு ஒரு வாரமா மண்டைய உடைச்சுட்டிருந்தேன். நீங்களே எழுதி வெச்சிருந்தீங்க. மாடியா இங்கயான்னு அவர் வாயாலயே கேட்டுக்கங்க, பெட்டியோட வாங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். மத்தபடி நான் ரெண்டு நாற்காலியத்தான் மாத்தினேன்."

பின்னறையிலிருந்து வட்ட மேஜை சுவரோரமாக இழுபடுகிற சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஃபேன் நின்றது. ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

நம் ஆள் போய் வாசலில் நின்று பார்த்தான். மச்சான் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஃபேன் இறக்கையைக் கையில் பிடித்தபடி குனிந்து சொன்னார்:

"நல்லவேளை நீ மாடி வேண்டாம்னு சொன்ன மாப்ள. அங்க வந்திருந்தா நடுவுல ஒரு கான்கிரீட் தளமாவது இருந்திருக்கும்."